கடைசிப் பெட்டியின் வாசல்

குருநகர்
12.11.1989

யேசு மரி சூசை துணை

அன்புள்ள பேரன் சூசைதாசனுக்கு அம்மம்மா கத்தரீனா எழுதிக்கொள்வது. நானும் உன் தாய் யோசப்பினும் இருமல் தடிமன் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு திரிகிறாய் என்று நம்புகிறேன்.

ரயில் கோச்சிப் பெட்டி செய்கிற கம்பனியில் நிலம் கூட்டிக்கொண்டிருந்த உன்னைப் படம் கீறுகிற மேசையில் இருத்திவிட்டார்கள் என்று வாசித்ததும் உன் தாய் கடிதத்தைக் கண்ணில் ஒற்றினாள். நடக்க ஏலாதவர்களும் லேசாக ஏறி இறங்குகிற மாதிரி ஒரு பெட்டி செய்யப் போகிறீர்களாம். அதற்கு உன் தாய் எவ்வளவு உயரம் கால் தூக்குவாள் என்று அளந்து அனுப்பச் சொல்கிறாய். ஜெர்மன்காரனுக்கு அளக்க அங்கே கால் இல்லையோ என்று கேட்டேன். "பிள்ளை கேட்டால் குடுங்கோவன் அம்மா" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மறக்கிறவள் இல்லை. 1984 மாசி ஏழாம் திகதி, செவ்வாய்க்கிழமை. என் பனையோலைக் கடகத்தில் சூடை மீனும் எட்டுப் பாரையும். சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிற காலைக் கோச்சி. மீன்காரப் பெண்கள் கடைசிப் பெட்டியில்தான் ஏறவேண்டும் என்று அந்தக் கார்ட் நமசிவாயம் சட்டம் வைத்திருந்தான். நாற்றமாம். கடைசிப் பெட்டி பிளாட்பாரம் முடிந்து சல்லிக் கல்லில் நிற்கும். அங்கே நின்றால் படி இடுப்புக்கு வரும். நான் ஏறிவிட்டேன். உன் தாய் ஏறுவதற்குள் அவன் பச்சைக் கொடியை ஆட்டினான். கோச்சி அசைந்தது. அவள் கை நழுவியது. வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. அவன் ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தானா? பென்சன் எடுத்துக்கொண்டு புத்தூரில் வெங்காயம் வைக்கிறானாம். அந்த வெங்காயம் பாத்தியிலேயே அழுகட்டும்.

அளவு இதற்குள் இருக்கிறது. வலைநூல். ஒரு நுனி நிலம். முடிச்சு, அவள் இரண்டு கையாலும் தூணைப் பிடித்துத் துள்ளி இடது கால் வைத்த உயரம்.

அந்தோனியார் உன் மேசையைக் காக்கட்டும்.

அம்மம்மா கத்தரீனா

மகன் தாசன், முடிச்சு கொஞ்சம் கூடப் போய்விட்டது. அம்மம்மா பார்க்கிறா என்று எட்டித் துள்ளினேன்.
ஒரு விரற்கடை குறைத்துக் கீறு. — அம்மா


ஜெர்மனி
20.12.1989

அன்பான அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் நத்தார் வாழ்த்துகள். நான் நலம். காதை மூடித்தான் திரிகிறேன்.

நூல் வந்தது. மேசை விளக்கில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அம்மா சொன்னபடி ஒரு விரற்கடை குறைத்துக் கணக்கெடுத்தேன். இந்த ஊர் ரயில்களின் படி அதைப்போல இரண்டு மடங்கு உயரம். அதனால் படியே இல்லாமல் செய்யலாமா என்று கேட்டிருக்கிறோம். பெட்டியின் தளமும் பிளாட்பாரமும் ஒரே மட்டம். நடுவில் உள்ள இடைவெளியை மூட, கதவு திறக்கும்போது ஒரு தகடு தானாக நீண்டு வரும்.

பட்டறையில் பலகையால் ஒரு வாசலும் இரண்டு இருக்கைகளும் செய்து வைத்திருக்கிறோம். கிழவிகள், சக்கர நாற்காலிக்காரர், பிள்ளை வண்டி தள்ளும் தாய்மார் என்று எல்லாரையும் அழைத்துக் கோப்பி கொடுத்து ஏறி இறங்கச் சொல்கிறோம். எத்தனை விநாடி என்று குறிப்பது என் வேலை.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். வாசலின் உட்பக்கம் வெறும் இடம் விட்டுக் கீறியிருக்கிறேன். அதில் இரண்டு பேரை இருத்தலாமே என்று எங்கள் கம்பனிப் பெரியவர் கேட்கிறார். சாமானோடு வருகிறவர்களுக்கு என்றேன். என்ன சாமான், எவ்வளவு அகலம் என்கிறார். அம்மம்மா, உங்கள் கடகத்தின் வாய் எத்தனை சாண்? அன்றைக்கு அதை வாசலில் எந்தப் பக்கம் வைத்திருந்தீர்கள்?

முக்கியமானது இனித்தான். அம்மாவை இங்கே என்னிடம் எடுப்பதற்கு எங்கள் பங்குக் குருவானவர் பொறுப்பு நின்று கையெழுத்து வைத்துவிட்டார். 1990 ஆனி 18ஆம் திகதி காலை அம்மா கொழும்பில் தூதரகத்தில் நிற்கவேண்டும். அந்த ஒரு நாள்தான் தந்திருக்கிறார்கள். அம்மாவை ரயிலில் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ்ஸில் அவ்வளவு தூரம் காலை மடக்கி இருக்க அவவால் முடியாது.

உங்கள் இருவருடைய சுகத்துக்கும் மன்றாடும்,
தாசன்


குருநகர்
5.2.1990

யேசு மரி சூசை துணை

என் ராசா, கடிதமும் திகதியும் கிடைத்தன. எனக்குத் தோள்மூட்டு மட்டும் கொஞ்சம் பிடிப்பு. மற்றப்படி சுகம். உன் தாய்க்கும் சுகம்.

கோச்சி என்றதும் உன் தாய் மூன்று நாள் வாசலுக்கும் வரவில்லை. நாலாம் நாள் தானாக எழும்பிப் போய்க் கோயில் படியில் ஏறப் பழகினாள். இப்போது தினமும் காலைப் பூசைக்கு முன்னம் ஏழு படி ஏறி ஏழு படி இறங்குகிறாள். சனம் பார்க்கிறது. பார்க்கட்டும்.

பார்க்கிறவர்களில் உன் பெரிய மாமி பெர்னடெட்டும் ஒருத்தி. என் தம்பி பெண்சாதி என்றாலும் ஆறு வருடமாக அவளோடு எனக்குக் கதை இல்லை. கால் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து என்னை ஒரு கேள்வி கேட்டாள். என்ன கேள்வி என்று நான் எழுதமாட்டேன். அவள் வருகிற பூசைக்கு நான் மற்றப் பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பேன்.

நீ கேட்ட மற்றதெல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். படி இடுப்பு உயரம். வாசலில் கைபிடி ஒரு பக்கம்தான், அதுவும் கழன்று ஆடும். கார்ட்டின் பெயர் நமசிவாயம்.

மாதா உன்னைத் தன் சீலைத் தலைப்பில் வைத்திருக்கட்டும்.

அம்மம்மா கத்தரீனா

மகன், நான் ஏறுவேன். நீ பயப்படாதே.
கடகத்தைப் பற்றி அம்மம்மாவிடம் இனிக் கேளாதே. — அம்மா


ஜெர்மனி
22.3.1990

அன்பான அம்மம்மா, அம்மா,

தோள்மூட்டுக்குப் பூச ஒரு மருந்து தனியாக அனுப்பியிருக்கிறேன். சுகமானதும் எழுதுங்கள்.

அம்மா சொன்னபடி அதைக் கேட்கமாட்டேன். அந்த இடத்தை அளவு எழுதாமல் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

போன கிழமை பலகை வாசலுக்கு ஊன்றுகோலோடு ஒரு கிழவி வந்தா. உங்களைப்போல வாய்க்காரி. ஏறி முடிந்ததும் எங்கள் பெரியவரைப் பார்த்துச் சொன்னா: உயரம் பெரிய கஷ்டம் இல்லை, பின்னால் நிற்கிற சனம் பார்த்துக்கொண்டிருப்பதும் யாரோ ஒருவர் கையை நீட்டுவதும்தான் கஷ்டம், அந்தக் கையை நம்புவதா இல்லையா என்று அரை விநாடியில் முடிவெடுக்கவேண்டும் என்று. அன்றைக்கே நான் படத்தை மாற்றிக் கீறினேன். வாசலுக்கு இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் கைபிடி. இந்தப் பெட்டியில் யாரும் யாருக்கும் கை கொடுக்கத் தேவையில்லை.

அதுவரைக்கும் அம்மா பழைய பெட்டியில்தான் ஏறவேண்டும். ஆனி 11ஆம் திகதி வெளிக்கிடுங்கள். ஒரு கிழமை கையில் இருக்கும். முன் பெட்டியில் ஏறுங்கள், அது பிளாட்பாரத்தில் நிற்கும். ஒரு முக்காலி கொண்டு போங்கள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கப்போகும்,
தாசன்


குருநகர்
28.5.1990

யேசு மரி சூசை துணை

என் ராசா, மருந்து பூசித் தோள்மூட்டு சுகம். இங்கே வெயில் எரிக்கிறது. நீ கம்பளி போட்டிருப்பாய் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முக்காலி செய்தாகிவிட்டது. வேப்பம் பலகை. ஸ்ரேசனுக்குப் போய் நிற்கிற கோச்சியில் ஏறியும் பார்த்துவிட்டோம். முக்காலியில் ஒரு துள்ளல், படியில் ஒரு துள்ளல். நான் உள்ளே நின்று கை நீட்டினேன். உன் தாய் கைபிடியைத்தான் பிடித்தாள். "நீங்கள் தள்ளி நில்லுங்கோ அம்மா" என்றாள்.

ஒன்று மட்டும் மாற்றியிருக்கிறேன். நீ 11ஆம் திகதி என்றாய். ஆனி 13 அந்தோனியார் திருநாள். அதற்கு முன் ஒன்பது நாள் நவநாள். உன் தாய் உயிரோடு எழும்பினால் ஒவ்வொரு வருடமும் திருநாளன்று அவளைக் கூட்டிவந்து மெழுகில் செய்த கால் ஒன்றைப் பீடத்தில் வைப்பேன் என்று அன்றைக்கு நேர்ந்தவள் நான். இதுவரை ஒரு வருடமும் தவறவில்லை. இனி ஜெர்மனிக்குப் போனால் எப்போது வருவாளோ. திருநாள் முடித்து 14ஆம் திகதி வியாழக்கிழமைக் கோச்சி. வெள்ளி கொழும்பு. திங்களுக்கு இடையில் இரண்டு நாள் சும்மா இருக்கிறது. உன் தாய் 11ஆம் திகதியே போவோம் என்றுதான் சொன்னாள். நான் விடவில்லை. குருநகர்ச் சனம் திருநாள் முடியாமல் வெளிக்கிடாது என்பது உனக்கும் தெரியும்.

இனி எழுதமாட்டேன். அவளே வந்து எல்லாம் சொல்லுவாள்.

அம்மம்மா கத்தரீனா

மகன், உனக்குப் பிடித்த இறால் கருவாடு முக்காலிக்குப் பக்கத்தில் கட்டி வைத்திருக்கிறேன்.
விமானத்தில் மணக்குமோ? — அம்மா


ஜெர்மனி
3.7.1990

அன்பான அம்மம்மா, அம்மா,

எங்கே இருக்கிறீர்கள்? உங்கள் வைகாசிக் கடிதம் ஆனி 19ஆம் திகதிதான் என் கைக்கு வந்தது. முதல் நாளே தூதரகத்திலிருந்து குருவானவருக்குத் தந்தி வந்துவிட்டது, ஆள் வரவில்லை என்று.

சண்டை தொடங்கிவிட்டதென்றும் ரயில் ஓடவில்லையென்றும் வானொலியில் சொல்கிறார்கள். கோட்டையைச் சுற்றிக் குண்டு விழுகிறதாம். கோட்டைக்கும் எங்கள் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். ஒரு வரி போதும்.

தாசன்


ஜெர்மனி
19.10.1990

அன்பான அம்மம்மா,

இது நாலாவது கடிதம். கொழும்பில் ஒரு குருவானவர் கப்பலில் அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். தூதரகம் இன்னொரு திகதி தரும். அம்மா இருக்கிறா என்று தெரிந்தால் போதும், மற்றதை நான் பார்க்கிறேன்.

நூல் இன்னும் விளக்கில் தொங்குகிறது.

தாசன்


சண்டிலிப்பாய்
2.12.1990

யேசு மரி சூசை துணை

என் ராசா, உன் நாலு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நான் சுகம். உன் தாய்க்கு இப்போது ஒரு நோவும் இல்லை, தடி ஊன்றுகிற கரைச்சலும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்.

குருநகரில் ஒருவரும் இல்லை. நாங்கள் சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைக் குடிலுக்குள் இருக்கிறோம். சீலை எல்லாம் புகையிலை மணம். வீட்டுக்காரி கனகாம்பிகை எங்களைக் கிணற்றில் அள்ள விடமாட்டாள். தானே அள்ளி எட்ட நின்று வாளிக்குள் ஊற்றுவாள். சொட்டு நிலத்தில் விழுந்தாலும் வாளி என் கையில் படக்கூடாதாம். ஐப்பசி மூன்றாம் திகதி நான் தண்ணீர் கேட்டதற்கு "உங்கடை ஆக்களுக்குக் கடல் இருந்துதுதானே" என்றாள். நான் அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

தாயின் கையால் இரண்டு வரி இல்லையே என்று பார்ப்பாய். அவளுக்கு இப்போது எழுத ஏலாது.

திகதி ஒன்றும் கேட்காதே. கோச்சி இல்லை. தண்டவாளத்தைக் கிளப்பிப் பங்கருக்குக் கூரை போடுகிறார்கள்.

அம்மம்மா கத்தரீனா


ஜெர்மனி
10.3.1991

அன்பான அம்மம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்து வேலைத்தலத்தில் எல்லார் முன்னாலும் அழுதேன். நீங்கள் இருவரும் இருப்பதே போதும். அந்த வாளியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தோள்மூட்டு எப்படி?

பலகை வாசல் இப்போது இரும்பாகிவிட்டது. முதல் பெட்டி தண்டவாளத்தில் நிற்கிறது. எல்லா அளவும் எழுதியாகிவிட்டது, அந்த வெறும் இடத்தைத் தவிர. பெரியவர் இப்போது அதைக் கேட்பதில்லை. என் மேசையில் தொங்குகிற நூல் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

தூதரகம் ஆவணி மாதம் ஒரு திகதி தருவதாகச் சொல்கிறது. கடலேரியால் வள்ளத்தில் சனம் வருகிறதாமே. அம்மாவை இரண்டு பேர் தூக்கி ஏற்றமாட்டார்களா?

அம்மம்மா, அம்மாவுக்கு ஏன் எழுத ஏலாது? கையில் காயமா? அப்படியென்றால் பேனாவைப் பிடித்து ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு போதும். அதுவும் ஏலாதென்றால் எனக்கு உண்மையை எழுதுங்கள்.

தாசன்


சண்டிலிப்பாய்
30.6.1991

யேசு மரி சூசை துணை

தாசன்,

உன் கடிதத்தை ஒரு மாதம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நான் சுகம். சுகமாக இருப்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

உன் தாய் போன வருடம் ஆனி 16ஆம் திகதி சனிக்கிழமை காலை செத்துப்போனாள்.

புதன்கிழமைக்குப் பிறகு கோச்சி வரவில்லை. 11ஆம் திகதி ஓடியது. 12ஆம் திகதி ஓடியது. நாங்கள் மெழுகுக் காலைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலில் இருந்தோம். வியாழக்கிழமை முக்காலியோடு ஸ்ரேசனுக்குப் போனோம். அங்கே நாய்தான் படுத்திருந்தது. சனிக்கிழமை ஷெல் எங்கள் ஒழுங்கைக்குள் விழத் தொடங்கியது. சண்டிலிப்பாய் செல்வரட்ணத்தின் உழவு மெசின் சனம் ஏற்றிக்கொண்டு வந்தது. அதன் பெட்டி என் நெஞ்சு உயரம். முக்காலியை வீட்டில் விட்டுவிட்டோம். என்னைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள்.

இனி எழுதுவதை நீ இரண்டு தரம் வாசி.

1984இல் அவள் கை நழுவியது என்று எழுதினேன். நழுவவில்லை. நான் வாசலில் நின்றேன். என் இடது கை கடகத்தில், வலது கை உன் தாயின் கையில். கோச்சி அசைந்தது. கடகம் சரிந்தது. முப்பத்தைந்து வருடம் கடகம் சுமந்தவள் நான். கடகம் சரிந்தால் என்னைக் கேட்காமல் கை போகும். இரண்டு கையும் போனது. மீனைப் பிடித்துவிட்டேன். ஒரு சூடை விழவில்லை. நமசிவாயம் கொடி ஆட்டியது சரியான நேரத்துக்குத்தான். பின்னால் நின்ற பெர்னடெட் எல்லாம் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட கேள்வி இதுதான்: "மச்சாள், கடகம் தப்பிச்சுதோ?"

உன் தாய் ஒரு நாளும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை மெசின் பெட்டியில் இருந்த என் மூட்டை, பாய், சட்டி, உன் கருவாடு எல்லாவற்றையும் நிலத்தில் எறிந்தேன். எறிந்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். "பிடியடி பிள்ளை, இந்தமுறை ரெண்டு கையும் வெறுங்கை" என்றேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். இடது கையைப் பார்த்தாள், பிறகு வலது கையைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தன் இரண்டு கையையும் தடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்கள் போங்கோ அம்மா. நான் சந்திக்கு நடந்து வாறன். அடுத்த மெசின் பெட்டி பதிவாய், உயரம் குறைவாய் வரும்" என்றாள்.

சனம் கத்தியது. மெசின் வெளிக்கிட்டது. நான் நீட்டின கையோடு வந்தேன். அவள் சந்திக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் ஷெல் விழுந்தது. அங்கே நின்ற பெர்னடெட்தான் தன் சீலையை உரிந்து அவளை மூடினவள். சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லை. கோயில் வளவுக்குள் தாட்டார்கள். ஏழு படிக்குப் பக்கத்தில். பெர்னடெட் அடுத்த நாள் நடந்து வந்து என்னிடம் சொன்னாள். இந்தமுறை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இவ்வளவு நாளும் ஏன் மறைத்தாய் என்பாய். நீ அந்த நூலைக் கட்டி வைத்துக்கொண்டு பெட்டி செய்கிறாய். நூல் ஆருக்கு என்று தெரிந்தால் கீறுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன்.

நீ கேட்ட அளவு: கடகத்தின் வாய் மூன்று சாண். என் சாண். வாசலின் நடுவில் வைத்திருந்தேன்.

கத்தரீனா


குருநகர்
13.6.1992

யேசு மரி சூசை துணை

தாசனுக்கு அம்மம்மா எழுதுவது. நீ சுகமோ தெரியாது. உன் எழுத்து வந்து ஒரு வருடத்துக்கு மேல்.

நாங்கள் கொஞ்சப் பேர் குருநகருக்குத் திரும்பி வந்துவிட்டோம். வீட்டுக்குக் கூரை இல்லை. முக்காலி மட்டும் விட்ட இடத்தில் இருந்தது. இன்றைக்குத் திருநாள். நான் மெழுகுக் கால் வைக்கவில்லை. பெர்னடெட்டும் நானும் ஒரே வாங்கில் இருந்தோம். கதைக்கவில்லை, ஆனால் ஒரே வாங்கு.

போன கிழமை உன்னிடமிருந்து ஒரு உறை வந்தது. விலாசம் உன் கையெழுத்து. உள்ளே கடிதத்தைத் தேடினேன், இல்லை. ஒரு படம். பின்பக்கம் திருப்பினேன், அங்கேயும் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கோச்சிப் பெட்டியின் வாசல். கதவு திறந்திருக்கிறது. தளமும் பிளாட்பாரமும் ஒரே மட்டம், எறும்பும் ஏறும். இரண்டு பக்கமும் மஞ்சள் கைபிடி. உள்ளே வலது பக்கம் வெறும் இடம். படத்தில் எவ்வளவு என்று என்னால் அளக்க முடியவில்லை, ஆனால் ஒரு கடகம் தாராளமாக இருக்கும், வாசலும் மறையாது. அளவு தெரிந்த பிறகு கீறினாயோ, அதற்கு முதலே உன் தாய் உனக்குச் சொல்லியிருந்தாளோ? "கேளாதே" என்று அவள் எழுதினதை நான் அன்றைக்கே வாசித்தேன். வாசிக்காத மாதிரி உறையை ஒட்டினேன்.

வாசலில் ஒருவரும் நிற்கவில்லை. யாரும் யாருக்கும் கை கொடுக்கத் தேவையில்லாத பெட்டி என்று எழுதியிருந்தாய். அப்படியே செய்திருக்கிறாய். நல்லாயிருக்கிறது.

நீ பதில் எழுதாவிட்டால் நான் உன்னைக் குறை பிடிக்கமாட்டேன். என் மனதில் உள்ள கோபக் கணக்கில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது, உன் பெயர் இல்லை. குளிருக்குக் காதை மூடு.

கீழே இரண்டு வரி இடம் விட்டு மடிக்கிறேன். கை அப்படித்தான் பழகிவிட்டது.

அம்மம்மா கத்தரீனா